வால்வுக்கு விட்ட இடம்

நேற்று வைத்த இடைவெளி இன்று இல்லை.

தீர்த்தகிரி அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த தகட்டுத் துண்டை இழுத்து, வால்வுத் தண்டுக்கும் அதன்மேல் குனிந்திருந்த இரும்பு மூக்குக்கும் நடுவே மறுபடியும் நுழைத்துப் பார்த்தான். முனை முட்டி வளைந்தது. லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் கண்ணை ஒட்டவைத்தான். அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை. இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டு நின்றன. நேற்றுச் சாயங்காலம் அவனேதான் திருகி, தகடு உரசிக்கொண்டு போய் உரசிக்கொண்டு வருகிறதா என்று பார்த்து, பூட்டு மரையை மூச்சைப் பிடித்து இறுக்கிவிட்டு மேலே ஏறியிருந்தான். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தான்.

இப்போது மரை இறுகித்தான் இருந்தது. இறுகிய இடம்தான் வேறு.

இஞ்சின் குழி கிணற்றை ஒட்டி, கிணற்றின் பாதி ஆழத்துக்குத் தோண்டியது. பரமத்திப் பக்கத்து மேட்டுக்காட்டில் தண்ணீர் அடியில்தான் கிடக்கும். இஞ்சினை மேலே வைத்தால் உறிஞ்சாது. அதனால் செம்மண்ணையும் பாறையையும் வெட்டி, ஒரு மாட்டுவண்டி நிற்கும் அகலத்தில் குழி எடுத்து, அடியில் கல்மேடை கட்டி, சங்கிலி போட்டு இஞ்சினை இறக்கியிருந்தார்கள். ஏறி இறங்க ஒரு மூங்கில் ஏணி. மழைக்குக் குழிவாயை மூட ஒரு தகரப் படல். புகையை வெளியே கொண்டுபோக ஒரு நீளக் குழாய். உச்சிவெயிலிலும் கீழே லாந்தர் வேண்டும். எரிந்த எண்ணெயும், ஈரப்பாறையும், எப்போதோ உள்ளே விழுந்து செத்த ஏதோ ஒன்றும் கலந்த வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. கிணற்றுக்குப் போகும் உறிஞ்சு குழாயைச் சுற்றியிருந்த சந்து வழியாக ஊற்றுக் கசியும் சத்தம் வந்துகொண்டே இருக்கும், யாரோ இருட்டில் உட்கார்ந்து உதட்டைச் சப்புக்கொட்டுவதுபோல.

சேலத்திலிருந்து இஞ்சினோடு வண்டியில் வந்து அதைப் பூட்டிக் கொடுத்த பிட்டர் அந்த இடைவெளியைப் பற்றி நெடுநேரம் சொல்லியிருந்தான். இரும்பு சூடேறினால் நீளும். நீள்வதற்கு இடம் விடாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு வழியே உள்ளே அமுங்க வேண்டிய காற்று ஓடிப்போகும். இஞ்சின் இருமுமே தவிர ஓடாது. "பிடிச்ச மாதிரியும் இருக்கணும், விட்ட மாதிரியும் இருக்கணும்" என்று தகட்டை இழுத்து இழுத்துக் காட்டினான். ஆறிக்கிடக்கும்போது வைக்க வேண்டும். வைத்தபின் ஓடவிட்டு, சூடேறும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்க வேண்டும். வைத்தவன்தான் கேட்க வேண்டும், அவன் காதுக்குத்தான் தெரியும் என்றான். அண்ணன் தம்பி மூன்று பேரும் அதைச் சாமி கும்பிடும் ஒழுங்குபோல எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீருக்கு அண்ணன் தம்பிக்குள் முறை உண்டு, ஆளுக்குச் சில நாள். ஒருவன் முறையில் இன்னொருவன் மடை திருப்ப மாட்டான். தன் முறையில் இறைக்காதவனுக்கு அது போனதுதான், மறு முறை வரும்வரை வானத்தைப் பார்க்க வேண்டும். தீர்த்தகிரிக்கு இதோடு அடுத்தடுத்து முறை போகிறது. வாழை தார் தள்ளுகிற நேரம். இலை ஓரம் கருகிச் சுருண்டு, காற்றடித்தால் காய்ந்த தோல்போல் சலசலத்தது. பெண்டாட்டி சௌந்திரம் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். பிள்ளையோடு திரும்பி வருகிறவளுக்குக் காட்ட அந்த வாழையைத் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை.

ஏணியேறி மேலே வந்தபோது, பரமத்தி வேலூர்ச் சந்தைக்கு வெற்றிலைக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பக்கத்துக் காட்டுப் பச்சமுத்து வரப்பில் நின்றுவிட்டான்.

"என்ன மாப்ள, இன்னிக்கும் மொகத்தத் திருப்பிக்கிச்சாட்ட இருக்குது?"

"இடுக்கு மூடிக்கிச்சுங் மாமா. மறுக்கா வெக்கோணும்."

"உங்கொண்ணன் எறங்குனா குப்புக்குப்புன்னு ஓடுது. நீ எறங்குனா கோவிச்சுக்குது. புதுப் பொண்டாட்டி கெட்டா போ."

"எங்கண்ணனப் பத்திப் பேசாதீங்க."

"நானெங்கடா உங்கண்ணனப் பேசுனேன்? இஞ்சினப் பத்தியில்ல பேசுனேன்." பச்சமுத்து கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு சிரித்தபடி போனான். சிரிப்பு போகவில்லை. அது வாழைத் தோட்டத்துக்குள் தீர்த்தகிரியோடேயே வந்தது.

பெரிய அண்ணன் மருதாசலம் மரையைத் திருகிவிடுகிறான் என்று நினைக்க முடியுமா? அப்பன் செத்தபோது தீர்த்தகிரிக்குப் பால்பல்கூட விழவில்லை. அதன்பிறகு தோளில் தூக்கிக் காவிரிக்குக் குளிக்கக் கொண்டுபோனதும், ஏர் பிடிக்கக் கையைச் சேர்த்துப் பிடித்துச் சொல்லிக் கொடுத்ததும், பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் மருதாசலம்தான். அண்ணன் பெண்டாட்டி ஆத்தாயியை அவன் நங்கை என்று கூப்பிடுவான். ஆனால் காய்ச்சலில் பிதற்றும்போது நங்கை என்று வராது, பெற்றவளைக் கூப்பிடுவதுபோல ஆத்தா என்றுதான் பிதற்றுவான். அவளும் சௌந்திரம் போன நாளிலிருந்து ஒருவேளை தவறாமல் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

நடு அண்ணன் அங்கமுத்து போன வைகாசியில் செத்தான். குழியில்தான். வால்வு வைத்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, சூடேறும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பீப்பாயில் சாய்ந்த வாக்கிலேயே போயிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகம் மட்டும் கள் குடித்தவன் முகம்போலச் சிவந்திருந்தது. குழியில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றது ஊர். மருதாசலம் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். பிள்ளையில்லாத அங்கமுத்துவின் பெண்டாட்டியை ஆத்தூரில் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் முறைத் தண்ணீர் இப்போதைக்கு அண்ணனுக்கு என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் அந்தத் தண்ணீரில் கரும்பு போட்டான். கரும்பு ஆள் உயரம் நின்றது.

தீர்த்தகிரி அன்று மத்தியானம் மறுபடியும் குழியில் இறங்கினான். இடைவெளியை வைத்தான். மரையை இறுக்கினான். ஆனால் மேலே ஏறவில்லை. தகரப் படலை உள்ளிருந்தபடியே இழுத்து மூடி, ஏணியில் இறங்கி, லாந்தரை ஊதி அணைத்துவிட்டு எதிர்ச்சுவர் மூலையில் குந்தினான். யார் இறங்கினாலும் பிடித்துவிடுவது. கூலிக்காரனோ, பொறாமை பிடித்த எவனோ. அண்ணனாக இருந்தால் என்ற எண்ணம் வந்தபோது எச்சில் விழுங்கி அதை உள்ளே தள்ளினான்.

தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. ஒரு கம்பி வால்வுக்கு மேலேயே விழுந்தது. வெளியே அண்ணன் காட்டில் கரும்புத் தோகை உரசும் சத்தம் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. ஊற்று சப்புக்கொட்டியது. இஞ்சின் ஆறிக்கொண்டிருக்கும் இரும்பைப்போல எப்போதாவது டிக் என்றது. அண்ணன் முறை முடிந்து அது நின்றே இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது, இன்னும் எதற்காக ஆற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியபோதுதான் முதுகுத்தண்டில் வியர்வை நின்றது.

எரிந்த எண்ணெய் வாடை கூடியது. தீயில்லாமல், ஓட்டமில்லாமல், புகையின் வாடை. தொண்டையில் இனித்தது.

பிறகு மரை முனகியது.

இரும்பு இரும்பை விடும்போது வரும் அந்தச் சின்னக் கிறீச். அவனுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த சத்தம். வெயில் கம்பிக்குள் ஒரு கை வந்திருந்தது. இஞ்சினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பீப்பாய்க்குப் பின்னாலிருந்து, முழங்கை வரைக்கும். ஸ்பேனர் இல்லை. விரல்களாலேயே மரையைத் திருகியது. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக இருந்தது. கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டுப் பிளந்த நடு அண்ணனின் நகம். அந்தக் காயத்துக்குச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியவன் தீர்த்தகிரி.

கை அவசரப்படவில்லை. திருகியது. நிறுத்தியது. இரும்பைத் தடவிப் பார்த்தது. இடைவெளி போய்விட்டதா என்று தடவிப் பார்த்தது.

அவன் எப்படி ஏணியேறினான் என்பது அவனுக்கே தெரியாது. முழங்கால் தோல் உரிந்திருந்தது.

மருதாசலம் களத்துமேட்டில் வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஆத்தாயி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, குழிக்குள்ள..." தீர்த்தகிரிக்கு மூச்சு சேரவில்லை. "ஒரு கைங்கண்ணா. மரையத் திருகுதுங்க. வெறுங் கைலயே."

முறம் நின்றது. மருதாசலத்தின் வாயும் நின்றது. வெற்றிலைச் சாறு உதட்டோரம் இறங்கியது. துடைக்கவில்லை.

"மொகத்தக் காட்டுனானா?"

"இல்லீங்க. கை மட்டுந்தானுங்க."

"ஒண்ணும் பேசுலியே?"

"இல்லீங்கண்ணா."

யார் என்று தான் இன்னும் சொல்லவில்லையே என்று தீர்த்தகிரி அப்போதே நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். அண்ணனுக்கும் தம்பி செத்த இடந்தானே அது, வேறு யார் நினைப்பு வரும்?

ஆத்தாயி எழுந்து வந்து அவன் நெற்றியைத் தொட்டாள். "காய்ச்சலாட்டக் கொதிக்குது. சோறு தண்ணியில்லாமக் குழிலயே கெடந்தா அப்புடித்தான் சாமி. கண்ட கண்டதெல்லாந் தெரியும்." முந்தானையால் அவன் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

"நாளைக்கு நானும் எறங்கறேன்" என்றான் மருதாசலம். "சக்கரத்த நான் புடிச்சுக்கறேன், நீ வால்வ வெய்யி. ரெண்டு பேரு நின்னா எவன் கிட்ட வருவான்? பச்சக் கொழந்தையாட்ட நடுங்காத. உன்ற வாழைக்குத் தண்ணி பாயாம நான் சோறு திங்க மாட்டேன்."

அந்தப் பேச்சு அவனை அன்றிரவு தூங்க வைத்தது.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் இருவரும் இறங்கினார்கள். மருதாசலம் பீப்பாய்க்குப் பின்னால் போய்ப் பெரிய சக்கரத்தைப் பிடித்தான். வால்வுப் பக்கத்தில் நிற்பவனுக்குச் சக்கரத்தைப் பிடித்தவன் தெரிய மாட்டான். மூச்சு மட்டும் கேட்கும். சொல்லச் சொல்ல மெதுவாகச் சுற்றிக் காற்று அமுங்கும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

"இன்னுங் கொஞ்சம் சுத்துங்கண்ணா. ஆங். நிறுத்துங்க."

தீர்த்தகிரி மரையைத் தளர்த்தினான். தகட்டை நுழைத்தான். சரியாக வந்தது. இறுக்கப் போனான். தகடு பிடித்துக்கொண்டது. தளர்த்தினான். வைத்தான். இறுக்கப் போனான். மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஸ்பேனருக்கு எதிராக இன்னொரு பலம் மரையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவன் புறங்கையின் ரோமங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன, குளிர்ந்த இன்னொரு கை ஒட்டினாற்போல் வைக்கப்பட்டிருந்ததுபோல.

"ஆச்சா?" என்றான் மருதாசலம் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து.

"ஆவுதுங்க."

"எவ்வளவு நேரந்தான்டா?"

தீர்த்தகிரி குனிந்து இரும்புக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனான். "உடுங்கண்ணா" என்றான் ரகசியமாக. "என்ற வாழை கருகுது. புள்ள பொறக்கப்போவுது. என்ன உட்டுருங்க."

"என்ன சொன்ன?"

"உங்களயில்லீங்க."

பீப்பாய்க்குப் பின்னால் மூச்சு நின்றுபோயிற்று.

ஸ்பேனர் சட்டென்று லேசாயிற்று. கேட்டதற்காக விட்டுவிட்டதுபோல. மரை அவன் சொன்னபடி திரும்பி, அவன் வைத்த இடத்தில் நின்றது. தகடு உரசிக்கொண்டு போய் உரசிக்கொண்டு வந்தது. ஏன் என்று தெரியாமல் அவனுக்கு நெஞ்சு கனத்தது, தண்ணீர் கேட்டவன் கையிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டதுபோல.

இருவரும் சேர்ந்து சக்கரத்தை வீசினார்கள். முதல் வீச்சிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. குழி அதிர்ந்தது. குழாய் குலுங்கிக் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறும் கனத்த சத்தம் கேட்டது. தீர்த்தகிரி சிரித்தான்.

மருதாசலம் சிரிக்கவில்லை. "ஸ்பேனரக் குடு. மேல வாய்க்கா முட்டுல குழாய் மரையொண்ணு ஒழுகுது, இறுக்கிப்போட்டு வாரேன்."

"நானும் வாரனுங்க."

"வச்சவன்தான் கேக்கோணும். சூடேறுட்டும். உக்காந்து கேளு." ஏணியில் கால் வைத்தவன் ஏதோ நினைத்தவனாய்த் திரும்பி, தீர்த்தகிரியின் தலையில் கையை வைத்தான். சிறுவயதில் காய்ச்சலுக்கு வைத்ததுபோல வைத்து, ஒருதரம் அழுத்தினான். பிறகு ஏறிப்போனான்.

தீர்த்தகிரி கல்மேடையோரம் உட்கார்ந்து காதைக் கொடுத்தான். வால்வு தட்டும் சத்தம் சீராக இருந்தது. டக் டக் டக் என்று உலர்ந்த விறகை விரலால் தட்டுவதுபோல. சூடேறச் சூடேற அது மெலிந்து, எண்ணெயில் தோய்ந்து, மிருதுவாக வேண்டும். ஆகிக்கொண்டிருந்தது. நன்றாக வைத்திருக்கிறேன் என்று நினைத்தான். தண்ணீர் இந்நேரம் முதல் வாழை வரிசைக்குப் போயிருக்கும். இலைகள் அதைக் கேட்டிருக்கும்.

கழுத்துக்குப் பின்னால் சூடாக ஏதோ ஊதியது.

திரும்பிப் பார்த்தான். புகைக்குழாய் இஞ்சினைவிட்டு மேலே திரும்பும், லாந்தர் வெளிச்சம் சரியாக எட்டாத முட்டில் மரைகள் இல்லை. முட்டு வாய் பிளந்து கிடந்தது. நீலப் புகை அதிலிருந்து குழிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. மேலே போகும் குழாய் வெறுங்குழாய். மரைகள் அறுந்து விழவில்லை. கழற்றி எடுத்திருந்தது. எடுத்த இடத்தில் பழைய அழுக்கும் எண்ணெயும் படிந்திருந்தன. நேற்று எடுத்ததல்ல.

"அண்ணா!"

மேலே வெளிச்சம் நகர்ந்தது. ஏணி எழும்பியது. கால் விட்டு, சுவரில் உரசி, மேலே மேலே போயிற்று. பாய்ந்து பிடித்தான். கடைசிப் படி விரல் நுனியில் நழுவியது. தகரம் சரிந்தது. வெயில் கம்பிகள் மட்டும் மிஞ்சின.

கை தவறிப் போயிருக்கும். அப்படித்தான் முதலில் நினைத்தான். அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுகூட நினைத்தான்.

"அண்ணா! ஏணி! புகைங்கண்ணா!"

இஞ்சினை நிறுத்த எண்ணெய்க் குழாயை அடைக்கப் பாய்ந்தான். திருகின் பிடி இல்லை. கழற்றியிருந்தது. குழாயைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை பொசுங்கியது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மரையைத் திருகினால் நின்றுபோகும். வால்வு மூடாவிட்டால் நின்றுபோகும். ஸ்பேனர்? மேலே.

அப்போதுதான் தெரிந்தது. அவன் முறை தவறாமல் இடைவெளியை மூடிவந்த கை எதற்காக இஞ்சினை ஓடவிடாமல் தடுத்துவந்தது என்று.

தலை கனத்தது. புகை இனித்தது. தரையில் சரிந்தான்.

மேலே பேச்சு. தகரத்துக்கு மிக அருகில்.

"இன்னுஞ் சத்தங் கேக்குதுங்களா?" ஆத்தாயியின் குரல். சோறு வெந்ததா என்று கேட்கும் அதே குரல்.

"இஞ்சின் சத்தந்தான்."

"அவங் கூப்புடறானுங்க."

"பொறு. அங்கமுத்துவும் இவ்வளவு நேரங் கூப்புட்டான்."

தீர்த்தகிரி வாயைத் திறந்தான். நங்கை என்று கூப்பிட நினைத்தான். ஆத்தா என்றுதான் வந்தது. தகரத்தின் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. யாரோ சாக்கு விரிக்கிறார்கள்.

லாந்தர் மட்டும்.

பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கை வந்தது.

இம்முறை மரையைத் தொடவில்லை. ஓடும் இஞ்சினில் அதைத் திருக முடியாது. தட்டித் தட்டி எழுந்துகொண்டிருந்த இரும்பு மூக்குக்கு அடியில், அவன் விட்ட இடைவெளியில், சுண்டுவிரலைக் கொடுத்தது. இரும்பு இறங்கியது. விரல் நசுங்கியது. ரத்தம் வரவில்லை. இஞ்சின் ஒருதரம் இருமியது. மறுபடி ஓடியது. அடுத்த விரல். நசுங்கியது. இருமல். ஓட்டம். அடுத்தது. ஒவ்வொரு விரலும் இலைபோலத் தட்டையாகி வெளியே தொங்கியது. தட்டையானவை இடுக்கை நிறைக்கப் போதவில்லை. சதை இல்லை அவற்றில். இரும்பை நிறுத்தும் கனம் இல்லை.

கை நின்றது. வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தொங்கியது.

பிறகு புகைக்குள் துழாவிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. தரையில் கிடந்தவனின் தோளைத் தொட்டது. முழங்கையைத் தொட்டது. மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. சந்தைக் கூட்டத்தில் தம்பி தொலைந்துவிடாமல் பிடிக்கும் பிடி. குளிர்ந்த பிடி. இழுக்கவில்லை, முறுக்கவில்லை. அவன் கையை மெல்லத் தூக்கி, மடங்கிக் கிடந்த விரல்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்து நீட்டி, ஏறி இறங்கிக்கொண்டிருந்த இரும்புக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, அவன் சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தது.